இறால் பண்ணையில் ஆளைக் காப்பது எது? பணியிடப் பாதுகாப்பு, அடிப்படையிலிருந்து

நாகப்பட்டினம், வேதாரண்யம், தொண்டி என்று கடலோரமாகப் போனால் உப்பங்கழிகளை ஒட்டி இறால் குளங்கள் வரிசையாகத் தென்படும். அங்கே ஒரு பண்ணையாள் மின்சாரம் தாக்கியோ குளத்தில் விழுந்தோ இறந்துவிட்டால், மறுநாள் டீக்கடையில் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: “கவனமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்.” முதலாளியும் அதைத்தான் சொல்வார். இறந்தவரின் சொந்தக்காரர்களில் பாதிப்பேரும் அதைச் சொல்லித்தான் மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள்.

அந்த விளக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இரவு முழுக்க, குளத்து நீரில் காற்று கலக்கும் ஏரேட்டருக்குக் காவலிருந்து, விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு கரையில் நடக்கும் ஒருவரிடம் எவ்வளவு கவனத்தை எதிர்பார்க்க முடியும்? அவர் கவனம் தவறினாலும் உயிர் தப்புகிறாரா என்பதை வைத்துத்தான் ஒரு பண்ணையின் பாதுகாப்பை அளக்க வேண்டும். “பாதுகாப்பு” என்ற சொல்லைக் கேட்டதும் கையுறை, பூட்ஸ், சுவரில் ஓர் எச்சரிக்கைப் பலகை என்று மனம் போய்விடுகிறது. அவையெல்லாம் கடைசி வரிசையில் வருபவை. முதல் வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மீன் வளர்ப்பு சாதுவான வேலை என்ற நினைப்பு வெளியாட்களிடம் உண்டு. சால்மன் மீனைக் கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் நார்வேயில், மீன்பிடித் தொழிலுக்கு அடுத்தபடியாக உயிர்ச்சேத விகிதம் அதிகமுள்ள தொழிலாக மீன் பண்ணை வேலையைத்தான் சொல்கிறார்கள். சட்டமும் கண்காணிப்பும் கறாராக இருக்கும் நாட்டிலேயே இதுதான் நிலைமை.

ஆபத்து வேறு, இடர் வேறு

கொல்லையில் ஒரு கிணறு. வீட்டில் இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தை. இதில் கிணறு ஓர் ஆபத்து. தீங்கு செய்யக்கூடிய எந்தப் பொருளையும் சூழலையும் இந்தக் கட்டுரையில் ஆபத்து என்றே குறிப்பிடுவோம். அந்த ஆபத்து ஒருவரை எட்டிவிடும் வாய்ப்பு எவ்வளவு, எட்டினால் விளைவு எவ்வளவு கொடியது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் இடர். குழந்தை பாட்டி ஊருக்குப் போயிருக்கும் வாரத்திலும் கிணறு அதே ஆழம்தான். ஆனால் இடர் இல்லை. திரும்பி வந்த நாளில் இடர் உச்சத்துக்குப் போகிறது.

இனி என்ன செய்யலாம்? தண்ணீர் வற்றிப்போன கிணறு என்றால் தூர்த்துவிடலாம். தண்ணீர் தேவை என்றால், வாயை மூடிவிட்டு ஆழ்துளைக் குழாய் போட்டுக்கொள்ளலாம். அதற்கு வசதியில்லை என்றால் கைப்பிடிச் சுவர் எழுப்பி இரும்பு வலை போடலாம். அதுவும் இல்லையென்றால் “அந்தப் பக்கம் போகாதே” என்று சொல்லி, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாக, குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டிவைப்பது.

இந்த ஐந்தும் உலகெங்கும் பணியிடப் பாதுகாப்பில் இதே வரிசையில் பேசப்படுகின்றன. ஆபத்தையே இல்லாமல் செய்வது நீக்குதல். குறைந்த ஆபத்துள்ள ஒன்றை அதனிடத்தில் வைப்பது மாற்றுதல். ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு பொருளை நிறுத்துவது தடுப்பமைப்பு. எப்போது, யார், எப்படி வேலை செய்வது என்று வகுப்பது நடைமுறை விதி. உடம்பில் அணிவது தற்காப்பு உடை. மொத்தத்துக்கும் கட்டுப்பாட்டு வரிசை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. தூர்த்த கிணறு யாருடைய ஞாபகத்தையும் நம்பி இல்லை. கைப்பிடிச் சுவர் எல்லோரும் தூங்கினாலும் நின்றுகொண்டிருக்கும். “போகாதே” என்ற சொல் மட்டும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும் புதிதாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். கீழே இறங்க இறங்க, ஏற்பாடு மனித மனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மனம் களைத்தால் ஏற்பாடும் சரிகிறது.

சுருக்கமாக, ஆபத்து என்பது பண்ணையில் கிடக்கும் பொருள். இடர் என்பது அது ஆளை எட்டும் வாய்ப்பும் விளைவும். ஐந்து வகைத் தடுப்புகளில் மேலே இருப்பது உறுதியானது, கீழே இருப்பது உதிரி உதவி.

ஒன்றரை மீட்டர் தண்ணீரில் எப்படி மூழ்குகிறார்கள்?

நீந்தத் தெரிந்தவர் மார்பளவுத் தண்ணீரில் மூழ்க மாட்டார் என்ற நம்பிக்கை எல்லாப் பண்ணைகளிலும் உண்டு. மண் கரை இருந்த காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இப்போது வெனாமி இறால் வளர்க்கும் பல குளங்களில் அடியிலும் கரைச் சரிவிலும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு போட்டுவிடுகிறார்கள். நோய்க் கட்டுப்பாட்டுக்கும் அடிச்சேற்றை அகற்றுவதற்கும் அது நல்லது. ஆனால் நீர்மட்டத்தை ஒட்டி அதன்மேல் பாசி படிந்துவிட்டால் கால் ஊன்றவே முடியாது. விழுந்தவர் கரையைக் கையால் தொடும் தூரத்தில்தான் இருப்பார். பிடிக்க ஒரு புல்கூட இருக்காது. ஏற முயல்வதும் சறுக்குவதுமாகச் சில நிமிடங்களில் கை சோர்ந்துவிடும். சட்டையும் லுங்கியும் நனைந்து கனக்கும். நீச்சல் தெரிந்திருப்பது இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் தருகிறது, அவ்வளவுதான்.

கட்டுப்பாட்டு வரிசையை இதில் பொருத்திப் பாருங்கள். முதல் கேள்வி: ஆள் தண்ணீரருகே போகவே வேண்டுமா? தீவனம் தூவ, தெர்மோகோல் மிதவையில் ஏறிக் கயிற்றைப் பிடித்திழுத்தபடி நடுக்குளம் வரை போகிறார்கள். தானியங்கித் தீவனக் கருவி வந்துவிட்ட குளத்தில் அந்தப் பயணத்தில் பெரும்பகுதி ஒழிந்துவிட்டது, இது நீக்குதல். இறால் தீவனத்தைத் தின்கிறதா என்று பார்க்க நீரில் இறக்கிவைக்கும் செக் ட்ரே தட்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு, கைப்பிடியோடு கூடிய நடைமேடை தடுப்பமைப்பு.

எதுவும் முடியாத பண்ணைக்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. குளத்தின் நான்கு பக்கமும், கரைமேல் அடித்த முளையில் கட்டி, நீருக்குள் தொங்கும்படி முடிச்சுப் போட்ட தடித்த கயிறோ பழைய டயர்களைக் கோத்த ஏணியோ விடலாம். செலவு மிகக் குறைவு. விழுவதை இது தடுக்காது. விழுந்தவர் தானாக ஏறி வருவதற்கு வழி செய்கிறது. தனியாளாக இரவுக் காவலிருப்பவருக்கு இதைவிட முக்கியமான பொருள் கரையில் வேறு இல்லை என்று சொல்வேன். மிதவையில் ஏறும்போது உயிர்காப்பு உடை கட்டாயம் வேண்டும். ஆனால் அது கொட்டகையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. வெயிலில் புழுங்கும் உடை, யாரைக் குறைசொல்ல?

மின்சாரம்: எம்.சி.பி. இருக்கிறதே, பிறகென்ன?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தண்ணீரைத் துடுப்புகளால் அடித்துக் காற்று கலக்கும் கருவிதான் ஏரேட்டர். உப்பு கலந்த நீர், எந்நேரமும் ஈரம், மாதக்கணக்கில் ஓய்வில்லாத ஓட்டம். மோட்டாருக்குள் கம்பிச் சுருளின் மேல்பூச்சு மெல்ல மெல்லத் தேய்கிறது. கேபிளை நடுவில் வெட்டி ஒட்டுப்போட்ட இடத்தில் டேப்புக்குள் உப்புநீர் நுழைகிறது. அங்கிருந்து மின்சாரம் மோட்டாரின் உலோக உடம்புக்கும் சட்டத்துக்கும் கசிகிறது. கம்பிப் பாதையை விட்டு விலகி இப்படி வேறு வழியில் ஓடுவதைக் கசிவு மின்சாரம் என்போம்.

இப்போது துடுப்பில் பாசி சுற்றிக்கொண்டு மோட்டார் முனகுகிறது. பண்ணையாள் தண்ணீரில் இறங்கி, வெறுங்கால் சேற்றில் பதிய, இரும்புச் சட்டத்தைக் கையால் பிடிக்கிறார். சட்டத்திலிருந்து கை, நெஞ்சு, கால் வழியாகச் சேற்றுக்கு ஒரு பாதை கிடைத்துவிடுகிறது.

எவ்வளவு மின்சாரம் ஓடும்? மும்முனை இணைப்பிலும் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே சுமார் 230 வோல்ட். நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 மில்லி ஆம்பியர். மில்லி ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லி ஆம்பியரில் சுரீர் என்று தெரியும். பத்துக்கு மேல் போனால் தசைகள் இறுகிப் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். ஐம்பது, நூறு என்று ஏறும்போது இதயத்தின் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும். 230 எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே, கட் ஆகிவிடாதா?” என்பது அடுத்த கேள்வி. ஆகாது. எம்.சி.பி. என்பது மின்சாரம் ஓர் அளவை மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழ யோசிக்கும். ஒருவர் உயிர்போக ஓடும் 230 மில்லி ஆம்பியர் அதன் கணக்கிலேயே வராது. எம்.சி.பி. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காக்க வைத்த பொருள். மனிதரைக் காப்பது அதன் வேலையில் சேர்த்தி இல்லை.

எர்த் கம்பி? அது கட்டாயம் வேண்டும். கசிவு மின்சாரத்துக்கு மனித உடம்பைவிடச் சுலபமான ஒரு பாதையைத் தருவதுதான் அதன் வேலை. ஆனால் கடலோர உப்புக்காற்று இரும்புக் கம்பியையும் இணைப்பையும் சீக்கிரமே அரித்துவிடும். மேலுக்குக் கம்பி இருப்பதுபோல் தெரியும். முடிச்சுப் போட்ட இடத்தில் துருத்தூள்தான் இருக்கும். தவிரவும், எர்த் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தாலும் எம்.சி.பி. விழாமல் இருக்க வாய்ப்புண்டு.

மனிதருக்கான காப்பு வேறொரு பெட்டி: ஆர்.சி.சி.பி. கடைகளில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றும் கேட்பார்கள். அதன் தத்துவம் எளியது. கம்பிகள் வழியே மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் திரும்பி வருவதும் சமமாக இருக்க வேண்டும். குறைந்தால், குறைந்த பங்கு வேறு எங்கோ ஓடுகிறது என்று பொருள். அந்த ‘எங்கோ’ ஒரு மனிதராகவும் இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வாங்கும்போது பெட்டியின் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 300 என்று இருந்தால் அது தீவிபத்தைத் தடுக்க வைப்பது. மும்முனைக்கான பெட்டியின் விலை ஒன்றிரண்டு மூட்டைத் தீவனத்தின் விலைக்குள் அடங்கிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒருவர் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தொட்டால், போவதும் வருவதும் சமமாகவே இருக்கும், ஆர்.சி.சி.பி. உணராது. ஆகவே சுவிட்சை அணைக்காமல் பெட்டியைத் திறப்பதற்கு இது உரிமம் தரவில்லை.

இந்த இடத்தில் “லேசாகத்தான் சுரீர் என்றது” என்ற பேச்சையும் கவனிக்க வேண்டும். ரப்பர் செருப்போடு உலர்ந்த கரையில் நின்றபோது சுரீர் என்ற அதே சட்டம், வெறுங்காலோடு தண்ணீரில் நிற்கும்போது கொல்லும். பழுது ஒன்றேதான்; நடுவே இருந்த தடை மட்டும் மாறுகிறது. சுரீர் என்றால் அன்றே அந்த ஏரேட்டர் கரையேற வேண்டும்.

இதுவரை சொன்னது: எம்.சி.பி. கம்பிக்கு, எர்த் துணைப்பாதைக்கு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆளுக்கு. மூன்றும் வேண்டும்; ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

ஆக்சிஜனா, ஆளா?

இவ்வளவு மலிவான பெட்டி ஏன் எல்லாப் பண்ணையிலும் இல்லை? இருந்தும் பல இடங்களில் அதை ஒதுக்கிவிட்டு ஏன் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள்? முதலாளியின் கஞ்சத்தனம் என்று முடித்துவிட எனக்கு மனம் இல்லை. இதில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது.

பகலில் குளத்து நீரிலுள்ள நுண்பாசிகள் வெயிலில் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. இரவில் அது நின்றுவிடுகிறது. பாசியும் இறாலும் அடிச்சேற்றுக் கிருமிகளும் சேர்ந்து இருக்கும் ஆக்சிஜனைத் தின்கின்றன. விடிவதற்குச் சற்று முன்னால் அளவு மிகக் கீழே போகும். நூறு நாள் வளர்ந்து பிடிப்புக்குத் தயாராக இருக்கும் குளத்தில், அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால் ஓரிரு மணி நேரத்தில் பல லட்சம் ரூபாய் இறால் செத்து ஒதுங்கிவிடும்.

இந்த நிலையில் பத்து ஏரேட்டருக்கும் பொதுவாக ஓர் ஆர்.சி.சி.பி. வைத்தால் என்ன ஆகும்? பழைய மோட்டார் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மில்லி ஆம்பியர் கசியவிடும். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் இல்லை. பத்தும் சேர்ந்தால் முப்பதைத் தொட்டு, யாரையும் மின்சாரம் தாக்காமலே பெட்டி விழும், அதுவும் நள்ளிரவில். இரண்டு முறை விழுந்தால் மூன்றாம் முறை அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நானாக இருந்தாலும் அந்த இரவில் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

ஆகவே கேள்வியை மாற்றிப் போட வேண்டும். ஏரேட்டருக்கு ஒன்று, அல்லது இரண்டுக்கு ஒன்று என்று ஆர்.சி.சி.பி.யைப் பிரித்து வைத்தால், பழுதான மோட்டார் மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். எந்த மோட்டார் கெட்டது என்பதும் தெரிந்துவிடும். கூடவே, இணைப்பு அறுந்தால் அலறும் சைரனை வைத்துவிட்டால் காவலாள் இருட்டில் ஒவ்வொரு ஏரேட்டராகப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. உற்பத்தியைக் காப்பாற்றாத எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் பண்ணையில் நிலைக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் வெளியிலிருந்து வந்து விதி சொல்பவர்களின் பேச்சை ஆட்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. பழுதுபார்க்க இறங்கும்போது சுவிட்சை அணைத்தால் போதுமா? அக்கரையிலிருந்து வேறொருவர் “ஏன் நிற்கிறது?” என்று போட்டுவிடலாம். டைமரோ தானியங்கி ஸ்டார்ட்டரோ இருந்தால் மின்சாரம் வந்ததும் தானாகவே சுற்றத் தொடங்கும். அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தண்ணீரில் இறங்குபவரே இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். ஒரு பூட்டு, ஒரே சாவி. மேஸ்திரியிடம் இன்னொரு சாவி இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

வாடை நின்றால் வாயு போய்விட்டதா?

மிச்சத் தீவனமும் கழிவும் காற்றுப் படாமல் அழுகும்போது கறுப்புச் சேறு உண்டாகிறது. அதைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. திறந்த குளத்தில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பெரிய இடர் அங்கே இல்லை. பம்பு வைத்த குழி, கழிவுநீர்த் தொட்டி, மூடிய கால்வாய், உறைகிணறு ஆகியவற்றில்தான் அது கொல்கிறது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். இப்படி ஆள் நுழையலாம், ஆனால் காற்று புழங்காத இடத்தை அடைபட்ட இடம் என்பார்கள்.

இந்த வாயுவின் கொடிய குணம், மூக்கை ஏமாற்றுவது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே வாடை தெரிந்துவிடும். நூறு பங்கை எட்டினால் சற்று நேரத்தில் மோப்ப நரம்பு மரத்துப்போய் வாடையே தெரியாது. “முதலில் நாறியது, இப்போது இல்லை” என்று இறங்குபவர், உண்மையில் கூடிய அளவுக்குள் இறங்குகிறார். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே சரிந்துவிடுவார்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையும் இங்கே கைகொடுக்காது. ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தால் விளக்கு அணையும், உண்மைதான். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் சேரும் கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான்; அதற்கு வாடையும் கிடையாது. சேற்றில் எரியக்கூடிய மீத்தேன் இருந்தால் விளக்கே விபத்தாகிவிடும்.

பிறகு நடப்பது, செப்டிக் டேங்க் சாவுகளில் நாம் செய்தித்தாளில் படிக்கும் அதே வரிசை. ஒருவர் விழுகிறார். தம்பியோ கூட்டாளியோ பதறிக் குதிக்கிறார். மூன்றாமவர் அவரைத் தூக்க இறங்குகிறார். அன்பும் துணிச்சலுமே பலி எண்ணிக்கையைக் கூட்டுகின்றன.

இங்கே கட்டுப்பாட்டு வரிசையின் முதல் படியிலேயே நின்றுவிட வேண்டும்: இறங்காதீர்கள். சேற்றை மேலிருந்தே பம்பால் உறிஞ்சலாம். பம்பைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டால் பழுதானபோது மேலே இழுத்துக்கொள்ளலாம். குழியைத் தோண்டும்போதே இப்படி அமைத்துவிட்டால் பிறகு ஒருவரும் உள்ளே போக வேண்டிய வேளையே வராது. இறங்கியே ஆக வேண்டிய கட்டாயம் என்றால், அது வாயு அளவுமானியும் சுவாசக் கருவியும் பயிற்சியும் உள்ள தீயணைப்புத் துறை போன்றவர்களின் வேலை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்யும் வேலை இல்லை.

சாக்கு மூட்டைகள்

குளத்தைத் தயார் செய்யப் பிளீச்சிங் பவுடர், மண்ணின் அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு, குஞ்சுப் பொரிப்பகங்களில் ஃபார்மலின், பிடித்த இறால் கறுக்காமலிருக்க மெட்டாபைசல்பைட். எல்லாமே ஊரில் சாதாரணமாகக் கிடைப்பவை. அதனாலேயே பயம் விட்டுப்போகிறது.

பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். டீசல், எண்ணெய் போன்றவை அதில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். ஒரே கொட்டகையில் ஒரு மூலையில் அதுவும், பக்கத்தில் டீசல் கேனும், கட்டிலும் இருப்பதைப் பார்க்கலாம். தனி அறை, உலர்ந்த தரை, அமிலத்துக்கும் எண்ணெய்க்கும் அங்கே இடமில்லை: தடுப்பமைப்பு இதுதான். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். மண்ணின் தேவைக்கு அரைத்த சுண்ணாம்புக்கல் தூளே போதும் என்றால் அதைப் போடுவது மாற்றுதல். மெட்டாபைசல்பைட் நனையும்போது கந்தக டை ஆக்சைடு வாயு வரும்; மூச்சிரைப்பு உள்ளவரை அந்த வேலையில் விடவே கூடாது. ஃபார்மலினைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

காற்றுக்கு முதுகு காட்டித் தூவுவது, கண்ணாடி போட்டுக்கொள்வது எல்லாம் சரி. ஆனால் துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்குமே தவிர, வாயுவைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வது, முகக்கவசமே இல்லாததைவிட மோசம். கட்டியிருக்கிறோம் என்ற தெம்பில் அதிக நேரம் நின்றுவிடுவார்கள்.

மற்றவை, சுருக்கமாக

பண்ணையில் அடிக்கடி நேர்வது முதுகுவலி. 25 கிலோ தீவன மூட்டையைத் தோளில் போட்டு வழுக்கும் கரையில் நடப்பதைத் தள்ளுவண்டி ஒன்று தீர்த்துவிடும். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெடித்த காலோடு நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: தீவன அறையை எலி புகாமல் கட்டுவதும் கரைப்புல்லை வெட்டிவைப்பதும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு 108-ல் கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது நல்லது. இறால் முள் குத்திய கை மறுநாள் வீங்கிச் சிவந்தால், அதையும் சாதாரணமாக விடக்கூடாது.

யார் எழுதி வைப்பது, எங்கே தொடங்குவது?

2020-ல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களைக் கணக்கில் எடுக்கிறது. இரண்டு மூன்று குளங்களை நாலைந்து பேரை வைத்து நடத்தும் பண்ணைகள் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் சுற்றுச்சூழலும் நோய்க் கட்டுப்பாடும். நார்வேயில் 1992 முதலே, பண்ணை தன் இடர்களைத் தானே கண்டறிந்து எழுதி, செய்த ஏற்பாட்டையும் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதிலுள்ள யோசனையை நாலு பேர் பண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அதிகாரி தேவையில்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

நோட்டில் விபத்துகளை எழுதுவதைவிட மயிரிழையில் தப்பியவற்றை எழுதுங்கள். வழுக்கியது, சுரீர் என்றது, மூட்டையைத் திறந்ததும் இருமல் வந்தது. எழுதுபவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த நாளிலிருந்து நோட்டு வெறுமையாகவே இருக்கும். பிடிப்புக்கு வரும் கூலிக்குழுவும் வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களும் சொல்வதைக் கேட்டு வேறொருவர் எழுதலாம். அவர்களுக்குத் தமிழ்ப் பலகை எந்த எச்சரிக்கையையும் தரவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், அடிக்கடி நடப்பதிலிருந்து தொடங்காதீர்கள் என்பேன். ஒரே தடவையில் உயிரை எடுப்பவை மூன்றுதான்: மின்சாரம், வழுக்கும் கரை, அடைபட்ட குழி. முதுகுவலி அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கும்.

ஆர்.சி.சி.பி. பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். உப்புக்காற்றில் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மாதம் ஒருமுறையாவது அதை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் நியூட்ரலை முறையாக எர்த் செய்யாத ஜெனரேட்டரில் ஓடும்போது, பொத்தானுக்கு விழும் பெட்டி ஆளுக்கு விழாமல் போகலாம். அதை மின்பணியாளரைக் கூப்பிட்டுத் தனியே உறுதி செய்துகொள்ளுங்கள். பொத்தானை அழுத்த நல்ல நேரம் வெயில் ஏறிய மத்தியானம். குளத்தில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். ஏரேட்டர் சில நிமிடம் நின்றாலும் இறாலுக்கு ஒன்றும் ஆகாது. அழுத்தியும் விழாத பெட்டியை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். விழுந்தால், தூக்கிவிட்டு, ஏரேட்டர் எல்லாம் திரும்பச் சுற்றுகின்றனவா என்று கரையில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.